புழலில் நம் ஆள்: வெளியே இருப்பவர் செய்ய வேண்டிய வேலைகள்

அத்தியாயம் 6

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தேர்வாய் கண்டிகையிலோ வேலை பார்க்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையை, அல்லது ஒரே அறையில் தங்கியிருந்த நண்பரைப் போலீசார் கைது செய்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட் 15 நாள் ரிமாண்ட் எழுதிவிட்டார். வேன் புழலுக்குப் போய்விட்டது. காவல் நிலையத்தில் செய்ய வேண்டியவற்றைப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த வேன் கிளம்பிய பிறகு நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் இந்த அத்தியாயத்தில்.

முதலிலேயே ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சிறையில் எதற்கும் ஒரு பதிவேடு உண்டு, அதில் கையெழுத்துப் போட ஓர் அலுவலர் உண்டு. உள்ளே வரும்போது உடம்பில் இருந்த காயம், கொடுத்த மாத்திரை, வாங்கி வைத்த மோதிரம், கொடுத்த தண்டனை, அடுத்த வாய்தா தேதி எல்லாம் எழுதப்பட வேண்டும். நீங்கள் வாயால் கேட்டால் "பார்க்கலாம்மா" என்ற பதிலோடு திரும்புவீர்கள். எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கினால், அந்தக் காகிதத்துக்கு யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

எந்தச் சிறை என்று உறுதி செய்யுங்கள்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே இருந்த பழைய மத்திய சிறை 2006-ல் புழலுக்கு மாறியது. புழல் ஒரே வளாகம்தான். ஆனால் உள்ளே மூன்று தனித்தனிச் சிறைகள். தண்டனை பெற்றவர்களுக்கு மத்திய சிறை 1, விசாரணைக் கைதிகளுக்கு மத்திய சிறை 2, பெண்களுக்குத் தனிச் சிறை. மூன்றுக்கும் கண்காணிப்பாளர், பதிவேடு, மனு பார்க்கும் இடம் எல்லாம் தனி. புதிதாக ரிமாண்ட் ஆன ஆண் என்றால் பெரும்பாலும் மத்திய சிறை 2. சில வழக்குகளில் பக்கத்துக் கிளைச் சிறைக்கும் அனுப்புவார்கள்.

1. ரிமாண்ட் செய்த நீதிமன்றத்திலேயே, வழக்கறிஞர் மூலமாகவோ நீதிமன்ற ஊழியரிடமோ எந்தச் சிறை என்று கேளுங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வழக்கு என்றால் பெரும்பாலும் பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில்தான் அலைய வேண்டியிருக்கும்.

2. ஒரே தாளில் ஆறு விவரங்களை எழுதுங்கள்: காவல் நிலையம், குற்ற எண், சட்டப் பிரிவுகள், நீதிமன்றம், ரிமாண்ட் தேதி, சிறையின் பெயர். இனி எந்த மனு எழுதினாலும் தலைப்பில் இந்த ஆறும் வர வேண்டும். செல்போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

3. ரிமாண்ட் அறிக்கை, எஃப்.ஐ.ஆர். இரண்டின் நகலையும் வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. கைதானவருக்கு 18 வயது முடியவில்லை என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். அவரைச் சிறையில் வைக்கவே கூடாது. பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் காட்டுங்கள். அந்த வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டியது. ஒப்பந்ததாரர் வேலைக்குச் சேர்க்கும்போது வயதைக் கூட்டி எழுதியிருந்தால் அதை மறைக்க வேண்டாம். உண்மையான வயதுதான் பையனைக் காப்பாற்றும்.

கைதானவர் பெண், கையில் சின்னக் குழந்தை இருக்கிறது என்றால், ஆறு வயது வரை குழந்தையைத் தாயுடன் வைத்திருக்கலாம். 2006-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விரிவான நெறிமுறை தந்திருக்கிறது. உணவு, பால், மருத்துவம் என்று குழந்தைக்கு வேண்டியதைச் சிறையே தர வேண்டும். அதை எழுத்தில் கேளுங்கள்.

யாரிடம் எதைக் கேட்பது

சிறைக் காவலரும் காக்கிச் சட்டைதான். ஆனால் அவர் போலீஸ் இல்லை. சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையைச் சேர்ந்தவர். உங்கள் வழக்கைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, அதில் அவர் செய்யக்கூடியதும் எதுவும் இல்லை. வழக்கு விவகாரம் போலீசிடமும் நீதிமன்றத்திடமும் இருக்கிறது. உள்ளே இருப்பவரின் உடம்பு, உணவு, பாதுகாப்பு சிறைத் துறையின் பொறுப்பு. இந்தக் கோட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு அலைபவர்களே அதிகம்.

வார்டர் என்று நாம் கூப்பிடும் சிறைக் காவலர் கதவையும் வரிசையையும் பார்ப்பவர். அவருக்கு மேல் தலைமைக் காவலர்கள், உதவி ஜெயிலர், துணை ஜெயிலர், ஜெயிலர். சிறை முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் கண்காணிப்பாளர். உங்கள் மனுக்களை எல்லாம் அவர் பெயருக்கே எழுதுங்கள். உடல்நலத்துக்குச் சிறை மருத்துவ அலுவலர், குடும்பப் பிரச்சினைக்கும் மனச்சோர்வுக்கும் நல அலுவலரும் உளவியலாளரும் இருக்கிறார்கள். நல அலுவலரைப் பலர் தேடுவதே இல்லை. வீட்டில் சாவு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மனைவிக்குப் பிரசவம் போன்ற செய்திகளைப் பக்குவமாக உள்ளே சேர்க்க அவர்தான் சரியான ஆள்.

கண்காணிப்பாளருக்கு மேல் சரகத்து டி.ஐ.ஜி. அவருக்கு மேல் எழும்பூர் தலைமையகத்தில் உட்காரும் துறைத் தலைவர், ஐ.பி.எஸ். அதிகாரி. அவருக்கு மேல் அரசின் உள்துறைச் செயலாளர். அமைச்சர் ஒருவர் சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கை வைத்து, கொள்கை விளக்கக் குறிப்பும் தாக்கல் செய்கிறார். எத்தனை காவலர் பணியிடம், உணவுக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பது அந்தக் குறிப்பில் இருக்கும். அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. சிறை மாநில அரசின் பொறுப்பு என்பதால் டெல்லிக்கு எழுதுவதில் பெரும்பாலும் பயனில்லை. 1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டமும் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறை விதிகளும்தான் புழலின் அன்றாடத்தை நடத்துகின்றன.

குறிப்பு: வாய்தாவுக்கு ஆளைக் கூட்டிவரவில்லை என்றால் சிறைக் காவலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நீதிமன்றத்துக்கு அழைத்து வரும் வழிக்காவலை அனுப்புவது போலீஸ் ஆயுதப்படை. ஆள் பற்றாக்குறையால் வழிக்காவல் வராத நாட்களில் காணொளியில் ஆஜர்படுத்திவிடுவார்கள். நேரில் ஆஜராக வேண்டிய காரணம், காயம், மிரட்டல், மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டிய செய்தி ஏதாவது இருந்தால், வழக்கறிஞர் மூலம் நேரில் ஆஜர்படுத்தக் கேட்டு முன்கூட்டியே மனு போடுங்கள்.

முதல் மனு பார்ப்பது

சிறைவாசியைப் போய்ப் பார்ப்பதை எல்லோரும் "மனு பார்ப்பது" என்றுதான் சொல்வார்கள். நாட்கள், நேரம், வாரத்துக்கு எத்தனை முறை என்பதெல்லாம் விசாரணைக் கைதிக்கு ஒரு மாதிரி, தண்டனைக் கைதிக்கு ஒரு மாதிரி. அரசாணைகளால் அவ்வப்போது மாறவும் செய்யும். வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

1. காலையிலேயே போய்விடுங்கள். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் வழியாகப் போகும் பேருந்து நேரே புழலில் இறக்கிவிடும். ரயிலில் சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வருவது வீண் சுற்று.

2. ஆதார் அல்லது வேறு அரசு அடையாள அட்டையின் அசலும் நகலும் வேண்டும். உறவுமுறையைக் காட்டக் குடும்ப அட்டை இருந்தால் நல்லது.

3. பதிவு செய்யும் இடத்தில் சிறைவாசியின் பெயர், தகப்பனார் பெயர், காவல் நிலையம், குற்ற எண் கேட்பார்கள். ஆறு விவரத் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். பெயர் எஃப்.ஐ.ஆரில் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள். வீட்டுப் பெயரைச் சொன்னால் பட்டியலில் கிடைக்காது.

4. செல்போன், பீடி, சிகரெட், தீப்பெட்டி, வீட்டுச் சாப்பாடு எதையும் எடுத்துப் போகாதீர்கள்.

5. ரிமாண்டில் இருப்பவர் சொந்த உடை அணியலாம். எளிய உடை இரண்டு செட் போதும். சோதனை போட்டுத்தான் உள்ளே போகும்.

6. செலவுக்குப் பணம் தருவதானால் சிறை அலுவலகத்தில் அவர் பெயரில் உள்ள பி.சி.பி. எனப்படும் சிறைவாசி பணக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். அதில்தான் உள்ளே கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்குவார். வேறு யார் கையிலும் பணம் தராதீர்கள்.

உள்ளே போனதும் கண்ணாடிக்கோ கம்பி வலைக்கோ அப்பால் அவர் நிற்பார். இன்டர்காமில் பேசுவீர்கள். பக்கத்தில் பத்துக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும், ஒருத்தர் அழுதுகொண்டிருப்பார். கொடுத்த நேரம் அழுகையிலேயே போய்விடும். அதனால் கேட்க வேண்டியதைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள்: உடம்பில் அடி, வலி எங்கேயாவது உண்டா? உள்ளே வந்த அன்று டாக்டர் பார்த்தாரா? வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை கிடைக்கிறதா? எந்த பிளாக்கில் இருக்கிறாய், யாராவது மிரட்டுகிறார்களா? அடுத்த வாய்தா எப்போது?

வழக்கின் உள்விவரம் எதையும் இன்டர்காமில் பேசாதீர்கள். யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்பதெல்லாம் வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டியவை. விசாரணைக் கைதி தன் வழக்கறிஞரை வேறு யாரும் உடனில்லாமல் சந்திக்க 1894 சட்டத்தின் 40-ஆம் பிரிவே இடம் தருகிறது.

எச்சரிக்கை: வாசலில் நிற்கும்போது முகம் தெரியாத ஒருவர், "உள்ளே எங்க ஆளும் இருக்கான், இந்தத் துணிப்பையை உங்க பையனிடம் கொடுத்து விடுங்கள்" என்பார். தொடவே தொடாதீர்கள். செருப்புத் தையலுக்குள்ளும் சட்டைக் காலருக்குள்ளும் கஞ்சாவும் சிம் கார்டும் வைத்து அனுப்பும் வேலை அது. பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல்தான்.

தூரத்தில் இருப்பவர்கள் தேசியச் சிறைகள் தகவல் தளத்தில் இ-முலாகாத் மூலம் பதிவு செய்து காணொளியில் பேசலாம். உள்ளிருந்து தொலைபேசியில் பேசும் வசதியும் உண்டு. அதற்கு உங்கள் எண்ணைச் சிறையில் பதிவு செய்திருக்க வேண்டும். முதல் மனுவிலேயே அதை முடித்துவிடுங்கள்.

புத்தகம் கொடுக்க நினைத்தால் தயங்காதீர்கள். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் "கூண்டுக்குள் வானம்" என்று அரங்கு வைத்துச் சிறை நூலகங்களுக்காகப் பொதுமக்களிடம் நூல்கள் சேகரித்த துறை இது. உள்ளே இருக்கும் நீண்ட மாலையைக் கடத்தப் புத்தகம் போல உதவுவது வேறில்லை.

காயமும் நோயும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். 2020 ஜூன் 19-ல் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூன் 22 இரவும் 23 காலையும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அடி விழுந்தது காவல் நிலையத்தில். ஆனால் அதற்குப் பிறகு தகுதிச் சான்று தந்த மருத்துவர், ரிமாண்ட் எழுதிய மாஜிஸ்திரேட், உள்ளே வாங்கிக்கொண்ட சிறை என்று மூன்று வாசல்களை அவர்கள் தாண்டியிருக்கிறார்கள். ஒரு வாசலிலாவது ஒருவர் அந்த உடம்பைச் சரியாகப் பார்த்திருந்தால் இருவரும் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. ஆகவே மூன்று வாசலிலும் பார்க்க வைப்பது உங்கள் வேலை.

1. ரிமாண்டின்போது காயம் இருந்தால், வழக்கறிஞரை வைத்து மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி ரிமாண்ட் உத்தரவிலேயே எழுத வையுங்கள்.

2. சிறைக்குள் வரும் ஒவ்வொருவரையும் மருத்துவ அலுவலர் பரிசோதித்துக் காயங்களைப் பதிய வேண்டும். முதல் மனுவில் அடி இருப்பது தெரிந்தால், அன்றைக்கே கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள். எந்த இடத்தில், எந்தப் பக்கம், வீக்கமா, ரத்தக் கட்டா என்று விவரமாக எழுத வேண்டும். "உடம்பு சரியில்லை" என்று மட்டும் எழுதினால் ஒரு பாராசிட்டமால் மாத்திரையோடு முடியும்.

3. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா, காசநோய், மனநல மருந்து எதுவானாலும் பழைய மருந்துச் சீட்டின் நகலை மனுவோடு இணையுங்கள். மாத்திரையைக் கையோடு கொண்டுபோனாலும் மருத்துவ அலுவலர் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். சீட்டு இல்லாத மாத்திரை வாசலிலேயே நின்றுவிடும்.

4. நிலைமை மோசமாக இருந்தால் வெளி மருத்துவமனைக்கு அனுப்பக் கேளுங்கள். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்கு வழிக்காவலோடு அழைத்துப் போவார்கள். அனுப்பவில்லை என்றால் அதே நாளில் வழக்கறிஞர் ரிமாண்ட் நீதிமன்றத்தில் மருத்துவ மனு போடலாம்.

5. சிறையில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவர் விசாரணை கட்டாயம். சிறை அதிகாரிகள் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவசரப்பட்டு உடலை வாங்கித் தகனம் செய்துவிடாதீர்கள். வழக்கறிஞர் வரும் வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

காசில்லாமல் வழக்கறிஞர்

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயந்து ஆளை உள்ளேயே விட்டுவைக்கும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய. தேவையே இல்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் பாருங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் உரிமை உண்டு, வருமானம் எவ்வளவானாலும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அந்தப் பட்டியலில் தனித்தனியாகவே வருகிறார்கள். சிப்காட்டில் சம்பளத்துக்கு நிற்பவருக்கு இரண்டு காரணத்தால் உரிமை.

1. 15100 எண்ணுக்கு அழையுங்கள். அல்லது திருவள்ளூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். பொன்னேரிப் பக்கம் என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழு.

2. உள்ளே இருப்பவர் சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். அங்கே வரும் வழக்கறிஞர் யார், எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.

3. நியமன உத்தரவின் நகலையும் வழக்கறிஞரின் தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள். அவர் ஜாமீன் மனு போட்டாரா என்று வாரம் ஒருமுறை மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. வாய்தாவுக்கு வராமலே இருந்தால், வேறொருவரை நியமிக்கக் கேட்டு ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதுங்கள்.

எச்சரிக்கை: "ஜட்ஜையே தெரியும், ரெண்டே நாளில் வெளியே எடுத்துவிடுகிறேன்" என்று சிறை வாசலிலோ நீதிமன்ற வாசலிலோ வருபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

காலண்டரில் குறிக்க வேண்டிய தேதிகள்

2022 டிசம்பர் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபணம் ஆகாதவர்கள். ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களும் அவர்களில் உண்டு. தேதியைத் தவறவிட்டு உள்ளேயே இருப்பவர்களும் உண்டு. வீட்டில் ஒரு தினசரிக் காலண்டரை இதற்கென்றே வையுங்கள்.

60 அல்லது 90 நாள். இந்தக் காலத்துக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. மரண தண்டனை, ஆயுள், 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்ற வகைக் குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உதாரணமாக ஜூன் 1 ரிமாண்ட் என்றால் 60-ஆவது நாள் ஜூலை 30. அன்று வரை குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜூலை 31 காலையில் நீதிமன்றம் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும். மதியம் போலீஸ் குற்றப்பத்திரிகையோடு வந்துவிட்டால், அதற்கு முன் மனு போடாதவருக்கு அந்த உரிமை கிடையாது. ஜூலை 25-லேயே வழக்கறிஞரிடம் நினைவுபடுத்துங்கள்.

மூன்றில் ஒன்று, பாதி. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 479-ஆம் பிரிவுப்படி, குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். முன்பு தண்டனை பெறாத முதல் வழக்குக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. இதற்கான விண்ணப்பத்தை நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டிய கடமையைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர் மேலேயே வைத்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முந்தைய வாரம் அவருக்கு ஒரு மனு எழுதி நினைவூட்டுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையில் கலெக்டர், எஸ்.பி. அடங்கிய விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு ஒன்றும் கூடுகிறது. அதில் இந்தப் பெயரையும் வைக்கச் சொல்லி ஆணைக்குழுச் செயலாளருக்கும் எழுதலாம்.

ஜாமீன் கிடைத்து 7 நாள். ஜாமீன் உத்தரவு வந்தும் 7 நாளுக்குள் வெளியே வரவில்லை என்றால், கண்காணிப்பாளர் அதைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் தர முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றம் தானாகவே யோசிக்கலாம் என்றும் அதில் உள்ளது. பணம் கட்ட வழியில்லாதவருக்கு மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு ஏழைச் சிறைவாசிகள் உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்டாமல் இருக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை என்று தொடக்கத்தில் வரம்பு வைத்திருந்தார்கள். போதைப்பொருள், ஊழல் தடுப்பு போன்ற சட்டங்களின் கீழ் வந்த வழக்குகளுக்கு இல்லை. கலெக்டர் அடங்கிய மாவட்டக் குழு முடிவெடுக்கும். மனுவைச் சிறை வழியாகவும் ஆணைக்குழு வழியாகவும் அனுப்பலாம்.

குண்டர் சட்டம் போட்டிருந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டம் அது. அதிகபட்சம் 12 மாதம். காரணங்களை 5 நாளுக்குள் கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும், 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். காரணம் எழுதிய தாள்கள் கிடைத்ததும் ஒரு பக்கம் விடாமல் நகலெடுத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். மங்கலான நகல், மொழிபெயர்ப்பு இல்லாத ஆவணம், முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் ஆகிய காரணங்களாலேயே உயர் நீதிமன்றத்தில் இத்தகைய உத்தரவுகள் பல ரத்தாகியிருக்கின்றன.

வெளிமாநிலத் தொழிலாளி என்றால்

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து இரும்பு உருக்காலையிலும் ரோலிங் மில்லிலும் நிற்பவர்கள் கைதானால், அவர்களுக்கு மனு பார்க்க வருவதற்கே ஆள் இல்லை. நீங்கள் உடன் வேலை பார்ப்பவராகவோ மேஸ்திரியாகவோ தொழிற்சங்கத்துக்காரராகவோ இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு.

1. ஊரில் உள்ள குடும்பத்துக்கு ஃபோன் போட்டு ஆறு விவரத் தாளை அனுப்புங்கள். இ-முலாகாத்தில் அவர்களே பதிவு செய்துகொள்ள உதவுங்கள்.

2. வழக்கறிஞர், மருத்துவர் இருவரிடமும் பேசத் தமிழும் இந்தியும் (அல்லது ஒடியாவும்) தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். மொழி புரியாமல் கையெழுத்து வாங்கியிருந்தால் அதை வழக்கறிஞரிடம் சொல்லியாக வேண்டும்.

3. உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று கேட்டால் வழக்கறிஞரை எதிர்த்து வாதாடச் சொல்லுங்கள். 1978-ல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில், வேறு மாவட்டத்துக்காரர் என்பதால் அவர் சகோதரரின் ஜாமீனை மறுத்தது தவறு என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். 2023 ஜனவரி உத்தரவும் உள்ளூர் ஜாமீன் நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அதைப் போடாதிருக்கலாம் என்கிறது.

4. அவருடைய சம்பளப் பாக்கி, அறையில் உள்ள பெட்டி, அசல் ஆவணங்கள் ஆகியவற்றைப் பட்டியல் எழுதிப் பாதுகாத்து வையுங்கள். வேலையில் இருந்ததற்கான சான்று ஜாமீன் மனுவுக்கு மிகவும் உதவும். ஒப்பந்ததாரர் கொடுக்கத் தயங்கினால் இ.எஸ்.ஐ. அல்லது பி.எஃப். எண்ணைக் காட்டலாம்.

புகார்: எந்தப் படியில் தொடங்குவது

எதற்கெல்லாம் புகார் தரலாம்? அடி, மிரட்டல், மருத்துவம் மறுப்பு, லஞ்சம், மனு பார்க்க விடாமல் தடுப்பது, தனி அறையில் போடுவது, ரிமாண்டில் இருப்பவரைக் கட்டாயமாக வேலை வாங்குவது. சாதி பார்த்துத் துப்புரவு வேலை ஒருவருக்கும் சமையல் வேலை ஒருவருக்கும் கொடுப்பது. இந்தக் கடைசி வழக்கத்தை 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்து, சிறைக் குறிப்புகளில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது.

புகார் தருவதற்கு முன் உள்ளே இருப்பவரிடம் கேளுங்கள். சிறைக்குள் நாளையும் தூங்கி எழுந்திருக்க வேண்டியவர் அவர். சம்மதம் இருந்தால், உள்ளிருந்து அவர் எழுதுவதைவிட வெளியே இருந்து நீங்கள் அனுப்புவது பாதுகாப்பு.

1. முதலில் கண்காணிப்பாளர். கீழே உள்ள மாதிரியில் எழுதி, இரண்டாம் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

அனுப்புநர்: பெயர், முகவரி, சிறைவாசிக்கு உறவுமுறை.
பெறுநர்: கண்காணிப்பாளர், மத்திய சிறை 2, புழல்.
பொருள்: ஆறு விவரங்கள். இன்னாருக்கு மருத்துவப் பரிசோதனை கோருதல்.
ஐயா, இந்தத் தேதியில் மனு பார்த்தபோது அவருடைய இடது முழங்காலுக்குக் கீழ் வீக்கமும் நடக்க முடியாத வலியும் இருப்பதைக் கண்டேன். அவர் உள்ளே வந்தபோது பதியப்பட்ட மருத்துவக் குறிப்பின்படி இது இருந்ததா என்று சரிபார்த்து, எலும்பு மருத்துவரிடம் அனுப்பி, எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.
நகல்: செயலாளர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, திருவள்ளூர்.

கடைசி வரியில் உள்ள அந்த நகலை விட்டுவிடாதீர்கள். வெளியே இன்னொருவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் கோப்பு வேகமாக நகரும்.

2. பதில் இல்லையா? டி.ஐ.ஜி.க்கும் துறைத் தலைமையகத்துக்கும் முதல் மனுவின் நகலை இணைத்து எழுதுங்கள். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதியலாம்.

3. மாவட்ட நீதிபதி சிறைக்கு வந்து பார்வையிட அதிகாரமும் கடமையும் உள்ளவர். சிறைப் பார்வையாளர் குழுவில் அரசு அலுவலர்களோடு அலுவலர் அல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்கு எழுதும் கடிதம் சிறை நிர்வாகத்தின் கை வழியாகப் போகாது என்பதுதான் அதன் பலம்.

4. தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சிறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். வழக்கமாக 30 நாள்; உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று காரணம் காட்டி 7(1) பிரிவைக் குறிப்பிட்டால் 48 மணி நேரம். "ஏன்" என்று கேட்காதீர்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: இன்ன தேதியின் மருத்துவப் பதிவேட்டுப் பக்கம், தண்டனைப் பதிவேட்டுப் பக்கம்.

5. மாநில மனித உரிமை ஆணையம், கிரீன்வேஸ் சாலை, சென்னை. கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போய்ச் சேர வேண்டும்.

6. உயிருக்கு ஆபத்து என்றால் எந்தப் படிக்கும் காத்திருக்காமல் நேரே உயர் நீதிமன்றம். சிறைவாசி ஒருவர் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்து 1979-ல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைக் கொடுமைக்கு எதிராகத் தீர்ப்புத் தந்தது. நமக்குப் பக்கத்தில், 2024-ல் வேலூர் மத்திய சிறையின் ஆயுள் கைதி ஒருவரை அதிகாரி வீட்டில் வேலை வாங்கி, திருட்டுப் பழி போட்டு அடித்துத் தனிமையில் அடைத்ததாக அவருடைய தாயார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் விசாரிக்கச் சொல்ல, டி.ஐ.ஜி. உட்படச் சிறைத் துறையினர் மீதே சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. அந்த அம்மாவின் ஒரு மனு செய்த வேலை அது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்: மொட்டைக் கடிதம் எழுதுவது, ஐந்து புகாரை ஒரே தாளில் கொட்டுவது, கோபத்தில் காவலரைப் பெயர் சொல்லித் திட்டி எழுதுவது, அசலைக் கொடுத்துவிட்டு நகல் இல்லாமல் திரும்புவது. ஒரு தாளில் ஒரு கோரிக்கை, தேதியோடு, பார்த்ததை மட்டும்.

விடுதலை நாள்

1. ஜாமீன்தாரர்களை நீதிமன்றம் ஏற்றதும் விடுதலை உத்தரவு சிறைக்குப் போக வேண்டும். எப்போது, யார் மூலம், மின்னஞ்சலிலா ஆள் மூலமா என்று அன்றே கேளுங்கள். மாலை தாண்டி வந்து சேர்ந்தால் வெளியே விடுவது மறுநாளுக்குத் தள்ளிப் போகலாம்.

2. சிறையில் இருப்பவரை வேறு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் பி.டி. வாரன்ட் நிலுவையில் இருக்கிறதா என்று இரண்டு நாள் முன்பே வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். மாலையோடு வாசலில் காத்திருந்த குடும்பம், ஆளை இன்னொரு காவல் நிலையம் அழைத்துப் போவதைப் பார்த்துத் திரும்புவது இந்த ஒரு காகிதத்தால்தான்.

3. உள்ளே வாங்கி வைத்த பணம், கைக்கடிகாரம், அடையாள அட்டை, பி.சி.பி. மீதி எல்லாவற்றையும் பட்டியலோடு சரிபார்த்துவிட்டே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

4. ஜாமீன் நிபந்தனைகளைப் படித்துக் காட்டுங்கள். தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்றால், ஷிப்ட் நேரத்தை மாற்றித் தரக் கேட்டு ஆலையின் மனிதவளப் பிரிவில் அன்றே எழுதிக் கொடுங்கள். ஒரு கையெழுத்துத் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்ய அரசுத் தரப்பு கேட்கலாம். வாய்தா தவறினால் பிடியாணை வரும். அடுத்த வாய்தா தேதியை அந்தக் காலண்டரிலேயே எழுதி, முந்தின நாள் லீவு சொல்லிவிடுங்கள்.